கண்ட்ரோலருக்கு விலை கேட்கும் முன் 60 ஓம் இருக்கிறதா என்று பாருங்கள்

எக்ஸ்கவேட்டர் மானிட்டரில் ‘கம்யூனிகேஷன் எரர்’ என்று வந்து எஞ்சின் ஆர்பிஎம் ஏற மறுத்தால், பினாங்கு சைட்டுகளில் பலரும் முதலில் செய்வது கண்ட்ரோலருக்கு, அதாவது மிஷினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் பெட்டிக்கு, விலை கேட்பதுதான். புதியது பல ஆயிரம் வெள்ளி (ரிங்கிட்) என்றதும், தவுக்கே (முதலாளி) பழைய மிஷினில் கழற்றிய ஒன்றைத் தேடச் சொல்வார். அந்தப் பெட்டிக்குள் வேறொரு மிஷினின் மாடல் விவரமும் சாஃப்ட்வேரும் இருக்கும். மாட்டினால் தலைவலி போய்த் திருகுவலி வந்த கதை. இத்தனைக்கும் பழுது பெரும்பாலும் கண்ட்ரோலரில் இருப்பதில்லை. கம்பியில், சாக்கெட்டில், அதற்கு வரும் கரண்டில் இருக்கிறது. கண்டுபிடிக்க நல்ல மல்டிமீட்டர் ஒன்றும் வயரிங் படமும் போதும்.

எஞ்சின், ஹைட்ராலிக் பம்ப், மானிட்டர் எல்லாவற்றின் கண்ட்ரோலர்களும் ஒன்றோடொன்று முறுக்கிய இரண்டே கம்பிகளில் பேசிக்கொள்கின்றன. போஷ் நிறுவனம் 1986-இல் அறிமுகப்படுத்திய கேன் (CAN) முறை இது. கனரக வண்டிகளில் அதன்மேல் ஓடும் ஜே1939 என்ற செய்தி முறை பெரும்பாலும் நொடிக்கு 250 கிலோபிட் வேகத்தில் இயங்கும். கேன் ஹை மஞ்சள், கேன் லோ பச்சை என்பது வழக்கமான நிறம். ஆனால் நிறத்தை நம்பி வெட்டாதீர்கள், படத்தைப் பாருங்கள். லைனின் இரு முனைகளிலும் 120 ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று இருக்கும். இரண்டும் இணையாக இருப்பதால் மீட்டரில் 60 ஓம் காட்டும்.

மானிட்டர் காட்டும் பழுதுக் குறியீட்டைப் படித்தவுடன் அழித்துவிடுவது பெரிய தவறு. எந்தக் கண்ட்ரோலர் யாரைப் பற்றிப் புகார் சொல்கிறது என்று முதலில் எழுதிக்கொள்ளுங்கள். எல்லாரும் ஒருவரையே காணவில்லை என்றால் அந்த ஒருவரின் சப்ளை, எர்த், கிளைக் கம்பி ஆகியவற்றில் தேடுங்கள். எல்லாரும் எல்லாரையும் காணவில்லை என்றால் பிரதான லைனில் கோளாறு. குறியீட்டில் பழுதின் வகையைச் சொல்லும் எண்ணான எஃப்எம்ஐ (FMI) 9 என்றால் செய்தி வர வேண்டிய நேரத்தில் வரவில்லை என்றுதான் அர்த்தம். அனுப்பும் பெட்டி செத்துவிட்டது என்று அர்த்தமில்லை.

கேன் லைனைத் தொடுவதற்கு முன் சப்ளையைப் பார்க்க வேண்டும். இங்கேதான் மீட்டர் ஏமாற்றும். பத்து இழைகளில் ஒன்பது அறுந்த கம்பியும், லோடு இல்லாதபோது 24 வோல்ட்டை அழகாகக் காட்டும். கண்ட்ரோலர் சாக்கெட்டைக் கழற்றி, அதன் பவர் பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் இடையே 24 வோல்ட் 21 வாட் பல்பு ஒன்றை மாட்டுங்கள். ஏறக்குறைய 0.9 ஆம்பியர் இழுக்கும். பல்பு மங்கினால், அல்லது பேட்டரியில் உள்ளதைவிட வோல்ட் ஒன்றுக்கு மேல் இறங்கினால், கேன் லைனை விட்டுவிட்டு ஃபியூஸ், ரிலே, எர்த் போல்ட் பக்கம் போங்கள். பெயின்ட் மேல் முறுக்கிய எர்த் போல்ட்டும் துருப்பிடித்த எர்த் போல்ட்டும் சைட்டில் சர்வ சாதாரணம்.

சப்ளை சரியென்றால் சாவியை அணைத்து, பேட்டரி ஐசொலேட்டரைத் திறந்து (பேட்டரி இணைப்பைத் துண்டித்து), சில நிமிடம் பொறுங்கள். கரண்ட் இருக்கும்போது எடுக்கும் ஓம் கணக்கு செல்லாது. ஒன்பது பின் டயக்னோஸ்டிக் சாக்கெட் உள்ள மிஷின்களில் சி, டி பின்களுக்கு இடையே அளக்கலாம். 60-ஐ ஒட்டி வந்தால் நல்லது. 120 வந்தால் ஒரு முனை ரெசிஸ்டர் போயிருக்கிறது, அல்லது நடுவில் கம்பி அறுந்திருக்கிறது. சில மிஷின்களில் ரெசிஸ்டர் கண்ட்ரோலருக்குள்ளேயே இருக்கும்; அதைக் கழற்றிவிட்டு அளந்தால் 120 வருவது இயல்பு, அதைப் பழுது என்று எண்ணிவிடாதீர்கள். பூஜ்யத்தை நெருங்கினால் இரு கம்பிகளும் எங்கோ ஒட்டிக்கொண்டன. 40 வந்தால் மூன்றாவது ரெசிஸ்டர் ஒன்று புகுந்திருக்கிறது. அநேகமாக யாரோ பிறகு மாட்டிய ஜிபிஎஸ் டிராக்கராக இருக்கும். முதலில் அதைக் கழற்றிப் பாருங்கள்.

பிறகு சாவியைப் போட்டு எர்த்துக்கு அளந்தால் ஹை சுமார் 2.7, லோ சுமார் 2.3 வோல்ட் என்று ஆடிக்கொண்டே இருக்கும். கூட்டினால் ஐந்தை ஒட்டி வரும். இரண்டும் 2.5-இல் அசையாமல் நின்றால் யாருமே பேசவில்லை. ஒன்று பூஜ்யத்தில் கிடந்தால் பாடியில் உரசுகிறது. 24-ஐ நெருங்கினால் பவர் கம்பியோடு சேர்ந்துவிட்டது. உடனே சாவியை அணையுங்கள், இந்த ஒரு நிலையில் மட்டும் கண்ட்ரோலர் உண்மையாகவே சாக வாய்ப்புண்டு. விட்டுவிட்டு வரும் பழுதுக்கு மீட்டரைக் குறைந்த, கூடிய அளவுகளைப் பிடித்து வைக்கும் மின்–மேக்ஸில் (MIN–MAX) போட்டு ஹார்னஸை (கம்பிக் கட்டை) அசையுங்கள்: கேபின் அடிப்பகுதி, பேட்டரி பெட்டி ஓரம், வீல் லோடரின் நடுமூட்டு.

கடலோரம் மண் நிரப்பும் இடங்களிலும், மழைக்காலத்தில் பினாங்கின் பத்து காவான் பகுதிச் சேற்றிலும் ஓடும் மிஷின்களுக்குத் தண்ணீர்தான் எமன். சேறு கழுவ ஹை பிரஷர் ஜெட்டை நேராகச் சாக்கெட்டில் அடிப்பார்கள். காலியான பின் துளையில் சீல் பிளக் இல்லையென்றால் அந்த வழியாகவே தண்ணீர் உள்ளே போகும். அதைவிட மோசம், முன்பு யாரோ டெஸ்ட் லைட் ஊசியால் குத்திய ஓட்டை. வெளியே கண்ணுக்குத் தெரியாது. உறையை உரித்தால் செம்பு கறுத்திருக்கும், விரலால் தேய்த்தால் பொடியாக உதிரும். உப்புநீர் இழைகளுக்கு நடுவே ஊறி ஓட்டையிலிருந்து வெகுதூரம் போயிருக்கும். செம்பு பளபளக்கும் இடம் வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும். கறுத்த இடத்தில் ஜாயின்ட் போட்டால் அடுத்த மழைக்கு மறுபடியும் கூப்பிடுவார்கள்.

ஜாயின்ட்டை நல்ல கிரிம்ப்பும் உள்ளே பசையுள்ள ஹீட் ஷ்ரிங்கும் போட்டு முடியுங்கள். இரு ஜாயின்ட்டுகளையும் அடுத்தடுத்து வைக்காமல் தள்ளித் தள்ளி வையுங்கள். முறுக்கைக் குறைந்த அளவே பிரித்து, முடிந்ததும் திரும்ப முறுக்குங்கள். பக்கத்து கம்பிகளின் இரைச்சலைத் தடுப்பதே அந்த முறுக்குதான். ஷீல்டு இருந்தால் ஒரே இடத்தில் மட்டும் எர்த். பின்களை எமரி பேப்பரால் தேய்த்தால் முலாம் போய்விடும். கான்டாக்ட் கிளீனர் போதும்.

பக்கெட்டுக்கு வெல்டிங் வைக்கும்போது ஐசொலேட்டரைத் திறந்து, கண்ட்ரோலர் சாக்கெட்டுகளைக் கழற்றிவிட்டு, எர்த் கிளாம்பை வெல்டிங் வைக்கும் துண்டிலேயே கடிக்க விடுங்கள். கிரேனில் பூம் சென்சார் லைன் பேசவில்லையென்றால் அளவுக்கு மீறித் தூக்காமல் தடுக்கும் லோடு லிமிட்டரை பைபாஸ் செய்து ஓட்டச் சொல்வார்கள். யார் சொன்னாலும் செய்யாதீர்கள். பெரும்பாலும் கேபிள் டிரம்மின் ஸ்லிப் ரிங்கில் (சுழலும்போதும் தொடர்பு விடாத மின் வளையத்தில்) ஈரமோ தேய்மானமோ இருக்கும். அதைத் திறந்து பார்க்க அரை நாள் வேலை.