விர்ச்சுவல் மெமரியைக் கூட்டினால் வேகம் கூடுமா?

விண்டோஸ் எக்ஸ்பி ஓடும் பழைய கணினி, 512 எம்பி ராம் (ஓடும் நிரல்கள் தங்கும் வேகமான நினைவகம்). விர்ச்சுவல் மெமரி போதவில்லை என்று அடிக்கடி எச்சரிக்கை வருகிறதாம். அதைக் கூட்டினால் கணினி வேகமாகுமா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். எச்சரிக்கை நிற்கும், வேகம் கூடாது.

ராம் நிரம்பினால் உடனடித் தேவையில்லாத பகுதிகளை இயங்குதளம் ஹார்டு டிஸ்க்கில் ஒரு கோப்புக்குத் தள்ளிவிடுகிறது. விண்டோஸில் அந்தக் கோப்புக்குப் பெயர் பேஜ்ஃபைல். இப்படி டிஸ்க்கையும் சேர்த்து, ராம் இருப்பதைவிடப் பெரிதாக இருப்பதுபோல் நிரல்களுக்குக் காட்டுவதுதான் விர்ச்சுவல் மெமரி. இந்த யோசனை 1962-இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஓடத் தொடங்கிய அட்லஸ் கணினியிலேயே இருந்தது. அதுவரை எதை வேகமான நினைவகத்தில் வைப்பது, எதை மெதுவான சேமிப்பகமான காந்த உருளைக்கு அனுப்புவது என்பதை நிரல் எழுதுபவரே பார்த்துக்கொள்ள வேண்டும். அட்லஸை உருவாக்கிய டாம் கில்பர்ன் குழுவினர் அந்தத் தலைவலியை இயந்திரத்திடமே ஒப்படைத்துவிட்டார்கள்.

எப்படி? நிரல் கேட்கும் முகவரி உண்மையான ராம் முகவரி அல்ல. நினைவகம் 4 கேபி பக்கங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. எந்தப் பக்கம் ராமில் எங்கே இருக்கிறது என்று சொல்ல ஓர் அட்டவணை உண்டு. ஒவ்வொரு வரியிலும் ஒரு பிட், பக்கம் ராமில் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. பிராசஸர் 0-ஐப் பார்த்தால் ஓடிக்கொண்டிருந்த கட்டளையை அப்படியே நிறுத்திவிட்டு இயங்குதளத்தைக் கூப்பிடும். இயங்குதளம் ராமில் ஓர் இடத்தைக் காலிசெய்து, டிஸ்க்கிலிருந்து பக்கத்தைக் கொண்டுவந்து, அட்டவணையைத் திருத்திவிட்டு, "சரி, அதே கட்டளையை மறுபடி ஓட்டு" என்கிறது. இடையில் இவ்வளவு நடந்தது நிரலுக்குத் தெரியவே தெரியாது.

எனக்கு மிகப் பிடித்தது அந்த "மறுபடி ஓட்டு"தான். கேட்க எளிது, செய்வது மகா கஷ்டம். ஒரு கட்டளை பாதி வேலையை முடித்து, ஒரு ரெஜிஸ்டரையும் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் சின்ன நினைவிடம்) மாற்றிய பிறகு பக்கம் இல்லையென்று தெரிந்தால்? முதலிலிருந்து ஓட்டினால் அந்த ரெஜிஸ்டர் இரண்டு முறை மாறி, கணக்கே தப்பாகிவிடும். ஆகவே செய்ததைத் திருப்பவோ, விட்ட இடத்திலிருந்து தொடரவோ பிராசஸருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மோட்டோரோலாவின் புகழ்பெற்ற 68000 சில்லுக்கு அது சரியாக வரவில்லை. சிலர் இரண்டு 68000-களைச் சேர்த்துப் பூட்டி, ஒன்று நிற்கும் நேரத்தில் மற்றது பக்கத்தைக் கொண்டுவரும்படி செய்து சமாளித்தார்கள்! அடுத்து வந்த 68010-இல் அந்தக் குறை தீர்ந்தது. இன்டெல்லின் 386 சில்லு 1985-இல் வந்தபோது பக்க அட்டவணை வசதி அதற்குள்ளேயே இருந்தது. வீட்டுக் கணினிகளுக்கு விர்ச்சுவல் மெமரி வந்த வழி அதுதான்.

சரி, வேகம் ஏன் கூடாது? ராமைத் தொட ஏறத்தாழ 100 நானோவினாடி, சுழலும் டிஸ்க்கில் ஒரு பக்கத்தைத் தேடி எடுக்கச் சுமார் 10 மில்லிவினாடி. லட்சம் மடங்கு வித்தியாசம். ராமிலிருந்து எடுக்க ஒரு வினாடி ஆவதாக வைத்துக்கொண்டால், டிஸ்க்கிலிருந்து எடுக்க ஒரு நாளுக்கு மேல் ஆகும். எப்போதாவது ஒரு பக்கம் என்றால் பரவாயில்லை. திறந்திருக்கும் நிரல்களுக்கு அன்றாடம் வேண்டிய பக்கங்களே ராமில் அடங்கவில்லை என்றால், இப்போது வெளியேற்றிய பக்கம் அடுத்த நொடியே திரும்ப வேண்டியிருக்கும். டிஸ்க் விளக்கு அணையாமல் எரியும், மவுஸ் நகராது. கணினி அறிஞர் பீட்டர் டென்னிங் 1968-லேயே இதை அலசிவிட்டார். பேஜ்ஃபைலை எவ்வளவு பெரிதாக்கினாலும் இது தீராது.

அப்புறம், பேஜ்ஃபைல் "ராமைப்போல் ஒன்றரை மடங்கு" இருக்க வேண்டும் என்ற அந்த விதி. ராகுகாலம் பார்ப்பதுபோல இதையும் கேள்வி கேட்காமல் பின்பற்றுகிறார்கள். இந்தக் கணக்குப்படி ராம் அதிகம் உள்ளவருக்குப் பெரிய கோப்பு, குறைவாக உள்ளவருக்குச் சின்னக் கோப்பு. தேவையோ நேர் எதிர். பேஜ்ஃபைலே வேண்டாம் என்று நிறுத்திவிடச் சொல்பவர்களும் உண்டு. ராம் குறைந்த கணினியில் அப்படிச் செய்தால் நிரல்கள் நினைவகம் கிடைக்காமல் பாதியில் விழும்.

அளந்து பார்ப்பதே நல்லது. வழக்கமாகத் திறக்கும் எல்லா நிரல்களையும் திறந்து கொஞ்ச நேரம் வேலை பாருங்கள். எக்ஸ்பியின் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் "கமிட் சார்ஜ்" பகுதியில் "பீக்" என்று ஓர் எண் இருக்கும், நிரல்களுக்கு மொத்தமாக ஒதுக்கிய நினைவகம் தொட்ட உச்ச அளவு அது. அதிலிருந்து ராம் அளவைக் கழித்து, மிச்சத்தோடு தாராளமாகக் கொஞ்சம் சேர்த்தால் கிடைப்பதுதான் உங்களுக்கு வேண்டிய பேஜ்ஃபைல். விர்ச்சுவல் மெமரி அமைப்பில் ஆரம்ப அளவு, அதிகபட்ச அளவு இரண்டிலும் அதையே கொடுத்தால் கோப்பு வளர்ந்து வளர்ந்து டிஸ்க்கில் துண்டு துண்டாகச் சிதறாது. தனியாக இரண்டாவது டிஸ்க் இருந்தால் கோப்பை அங்கே வைக்கலாம். ஒரே டிஸ்க்கைப் பிரித்து உண்டாக்கிய டி டிரைவில் வைப்பதில் பயனில்லை. படிக்கும் முனை ஒன்றுதானே, அது இன்னும் தூரமாக அலையும். கையில் காசு இருந்தால் ராமைக் கூட்டுங்கள், வேகம் அதில்தான் இருக்கிறது.