வீட்டுத் தோட்டத்தில் ஆவாரை ஏன் சாகிறது?

மதுரை வட்டாரத்தில் வீட்டுத் தோட்டம் அமைத்துத் தரும் பணியில் இருப்பதால், பட்டுப்போன செடிகளை வந்து பார்க்கச் சொல்லி அடிக்கடி அழைப்பு வரும். சென்ற கோடையில் அப்படி ஒரு வீட்டுக்குப் போனேன். வாசலுக்கு வெளியே சாலையோரச் சரளையில், யாரும் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாத ஆவாரை மஞ்சளாய்ப் பூத்து நின்றது. சுற்றுச்சுவருக்கு உள்ளே, மாட்டெருவும் தென்னைநார்க் கழிவும் இட்டு வளர்த்த நான்கு ஆவாரைச் செடிகள் இலை பழுத்துக் கருகியிருந்தன. தோண்டிப் பார்த்தால் வேர் அழுகியிருந்தது. புல்தரையின் விளிம்பில் அவற்றை நட்டிருந்ததால், புல்லுக்கான தெளிப்பான் காலையும் மாலையும் அவற்றையும் நனைத்துக்கொண்டே இருந்திருக்கிறது.

வறட்சி தாங்கும் செடிகள் வீடுகளில் பெரும்பாலும் தண்ணீர் இல்லாமல் சாவதில்லை. தண்ணீர் மிகுந்தே சாகின்றன. ஆவாரை ஆணிவேரை ஆழத்தில் இறக்கி ஈரம் தேடும் இனம். மேல்மண் எப்போதும் நனைந்திருந்தால் அந்த வேர் கீழே போக வேண்டிய தேவையே எழாது. மண்ணிடுக்கில் காற்று இல்லாமல் வேர் மூச்சுத் திணறி அழுகிவிடும். குழியில் எருவையும் நார்க்கழிவையும் நிரப்பிவிட்டால், அதுவும் கரிசல் மண்ணில், அந்தக் குழியே அடியில் துளையில்லாத தொட்டியாகி மழைநீரைத் தேக்கிவைக்கும். ஆகவே ஒன்றரை அடிக் குழி எடுத்து, எடுத்த மண்ணையே திரும்ப இட்டு, தரைமட்டத்தைவிடச் சற்று மேடாக நடுவதே நான் பின்பற்றும் முறை.

புல்தரையைப் பற்றி இங்கே ஒரு கணக்குச் சொல்ல வேண்டும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்கு நிற்கும் நீர் ஒரு லிட்டர். கோடையில் நாளுக்கு 5 மில்லிமீட்டர் நீர் பாய்ச்சினால், 100 சதுர மீட்டர் புல்தரைக்கு நாள்தோறும் 500 லிட்டர் செலவாகும். நகர்ப்புறக் குடிநீர்த் திட்டங்களில் ஓர் ஆளுக்கு ஒரு நாளுக்கு 135 லிட்டர் என்று கணக்கிடுகிறார்கள். புல்லுக்கு ஊற்றுவது ஏறக்குறைய நான்கு பேர் கொண்ட ஒரு குடும்பத்தின் தண்ணீர். 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு தண்ணீர் லாரிக்குக் காத்துக் கிடந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

'நம் மண்ணின் செடி' என்பதும் 'வறட்சி தாங்கும் செடி' என்பதும் ஒன்றல்ல. வெட்சி தென்னிந்தியாவுக்கே உரியதுதான். ஆயினும் ஓரளவு ஈரமும் புளிப்புத்தன்மையுள்ள மண்ணும் அதற்குத் தேவை. சுண்ணாம்பு மண்ணில், உப்புக் கலந்த ஆழ்துளைக் கிணற்று நீரில், அதன் இலை வெளிறி மஞ்சளாகிவிடும். இதற்கு மறுதலையாக, உண்ணிச்செடி எந்த வறட்சியையும் தாங்கும். ஆனால் அது அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து அழகுச் செடியாக வந்து, முதுமலை உள்ளிட்ட நம் காடுகளில் புதராய் மண்டிவிட்டது. நாற்றுப் பண்ணையில் இன்றும் அதை வண்ண வண்ணமாக விற்கிறார்கள். நான் எவருக்கும் அதை நட்டுத் தருவதில்லை.

வறண்ட மனைகளுக்கு ஆவாரையோடு நான் பரிந்துரைப்பவை சிலவே. வேலிக்கு நொச்சியும் விராலியும் போதும். நொச்சியைக் குச்சி ஊன்றியே வளர்க்கலாம், எவ்வளவு வெட்டினாலும் தழைக்கும். (நொச்சி வைத்தாலே கொசு ஓடிவிடும் என்று நம்ப வேண்டாம்.) அரைநிழலில் டிசம்பர் பூ மார்கழியில் நிறைந்து பூக்கும். பொறுமை உள்ளவர்களுக்குக் காயா: சோழமண்டலக் கரையின் வறண்ட பசுமைமாறாக் காடுகளிலும் கோயில் காடுகளிலும் வளரும் இந்தச் செடி ஆண்டுக்கணக்கில் மெல்லத்தான் உயரும். ஆனால் ஒருமுறை கிளையெல்லாம் நீலமாய்ப் பூத்து நிற்பதைப் பார்த்துவிட்டால், திருமாலைக் காயாம்பூ வண்ணன் என்று ஏன் பாடினார்கள் என்பது தானே விளங்கும்.

தமிழகத்துக்கு ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில்தான் கிடைக்கிறது. எனவே புரட்டாசியில் குழி எடுத்து, ஐப்பசியின் முதல் மழையோடு நடுவது செடிக்கும் நல்லது, நமக்கும் செலவில்லை. சித்திரையில் நட்டுவிட்டு 'வறட்சிச் செடிதானே' என்று விட்டுவிடுவதும் கொலைதான். முதல் கோடையை மட்டும் நாம் கைபிடித்துக் கடத்த வேண்டும். வாரம் ஒருமுறை தூரைச் சுற்றி ஒரு குடம் நீரை மெல்ல ஊற்றி, மேலே சருகு மூடி, மண் காய்ந்த பிறகே அடுத்த முறை ஊற்ற வேண்டும். இரண்டாம் கோடையில் மாதம் இரு முறை போதும். அதன் பின் செடி வாடினால் மட்டும் பார்த்துக்கொள்ளலாம்.

ஆவாரையை வாங்கி நடுவதைவிட விதைப்பது மேல். பையில் நெடுநாள் சுருண்ட ஆணிவேர் பிறகு நேராக இறங்குவது அரிது. காய்ந்த காய்களிலிருந்து எடுத்த விதையின் தோல் கடினமானது என்பதால், வெந்நீர் ஊற்றி ஓர் இரவு ஊறவிட்டு விதைக்க வேண்டும்.

அந்த வீட்டில் தெளிப்பானின் வீச்சைக் குறைத்துச் சுவரோரத்தில் சரளைப் பட்டை ஒன்று விட்டோம். வாசலில் நின்ற அதே ஆவாரையின் விதைகளை ஐப்பசியில் ஊன்றினோம். இப்போது அவை முழங்கால் உயரம் வளர்ந்திருக்கின்றன. போன மாதம் பச்சைப் புழுக்கள் இலைகளை மொட்டையடித்துவிட்டதாகவும் மருந்தடிக்கலாமா என்றும் வீட்டுக்காரர் கேட்டார். அவை வெளிர்மஞ்சள் வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள், ஆவாரை இலைதான் அவற்றின் உணவு, விட்டுவிடுங்கள் என்றேன். இரண்டு வாரத்தில் செடி மறுபடி துளிர்த்துவிட்டது.