மொரீஷியஸ் வழியாக வந்த முதலீடும் வரியும்: இந்தியாவின் வரி ஒப்பந்தம் என்ன சொல்கிறது?

பங்குச் சந்தையில் பட்டியலிடப்படாத ஓர் இந்திய நிறுவனத்தின் பங்கை வாங்கி, சில வருடம் கழித்து லாபத்தில் விற்றால் அந்த லாபத்துக்கு வரி உண்டு. விற்பவர் கோயம்புத்தூர்க்காரர் என்றால் இதில் பேச்சே இல்லை. ஆனால் விற்பது மொரீஷியஸில் பதிவான நிறுவனம் என்றால், பல வருடங்களாக இந்தியாவிலும் வரி இல்லை, மொரீஷியஸிலும் வரி இல்லை. எல்லாம் சட்டப்படிதான். இப்போது நிலைமை மாறியிருக்கிறது, ஆனால் முழுதாக மாறவில்லை. எந்தப் பங்குக்கு எந்த விதி என்பது அதை வாங்கிய தேதியைப் பொறுத்தது.

ஒப்பந்தம் எதற்கு?

ஒரு நாட்டில் குடியிருந்துகொண்டு இன்னொரு நாட்டில் சம்பாதிப்பவரிடம் இரண்டு நாடுகளும் வரி கேட்கலாம். ஒரே வருமானத்துக்கு இரண்டு முறை வரி கட்டும் நிலை வரக்கூடாது என்பதற்காக நாடுகள் தங்களுக்குள் செய்துகொள்வதுதான் இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம். வட்டிக்கு யார் எவ்வளவு வரி போடலாம், ஈவுத்தொகைக்கு எவ்வளவு, சொத்தை விற்ற லாபம் யாருக்கு என்று அதில் பங்கு பிரித்திருப்பார்கள். தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாடுகளுடன் இந்தியா இப்படி ஒப்பந்தம் போட்டிருக்கிறது. 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தில் 90ஆம் பிரிவு இதற்காக இருந்தது; 2026 ஏப்ரலில் அதன் இடத்துக்கு வந்த 2025ஆம் ஆண்டுச் சட்டத்தில் 159ஆம் பிரிவு. அதிலுள்ள முக்கியமான சலுகை: உள்நாட்டுச் சட்டம், ஒப்பந்தம் இரண்டில் எது சாதகமோ அதை வரி கட்டுபவர் எடுத்துக்கொள்ளலாம்.

மொரீஷியஸுடன் 1982 ஆகஸ்டில் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன் 13ஆம் பிரிவின்படி, மொரீஷியஸ்வாசி இந்தியப் பங்கை விற்றால் அந்த லாபத்துக்கு வரி போடும் உரிமை மொரீஷியஸுக்கு மட்டுமே. மொரீஷியஸோ அத்தகைய மூலதன ஆதாயத்துக்கு வரி போடுவதில்லை. ஒரு நாடு உரிமையை விட்டுக்கொடுத்தது, மற்றது அந்த உரிமையைப் பயன்படுத்தவில்லை. முடிவில் வரியே இல்லை.

பத்து வருடம் இது யார் கண்ணிலும் பெரிதாகப் படவில்லை. 1992இல் இந்தியா தன் பங்குச் சந்தையை அந்நிய நிதி நிறுவனங்களுக்குத் திறந்தது. அதே வருடம் மொரீஷியஸ், வெளிநாட்டு நிறுவனங்கள் அங்கே சுலபமாகப் பதிவுசெய்ய வழிவிடும் சட்டத்தைக் கொண்டுவந்தது. அப்புறம் அமெரிக்க, ஐரோப்பிய முதலீட்டாளர்கள் நேராக இந்தியாவுக்கு வராமல் மொரீஷியஸ் தலைநகரான போர்ட் லூயியில் ஒரு நிறுவனத்தைப் பதிந்து அதன் வழியாக வர ஆரம்பித்தார்கள். 2000ஆம் ஆண்டிலிருந்து இந்தியாவுக்கு வந்த நேரடி அந்நிய முதலீட்டில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு, பதின்மூன்று லட்சம் பேர்கூட இல்லாத இந்தத் தீவின் கணக்கில்தான் இருக்கிறது.

2000ஆம் ஆண்டில் நடந்தது

வருமான வரி அதிகாரிகள் சும்மா இருக்கவில்லை. மொரீஷியஸ் நிறுவனங்கள் சில வெறும் முகவரிகள்தான், உண்மையான நிர்வாகம் வேறு நாட்டில் நடக்கிறது என்று சொல்லி 2000ஆம் ஆண்டில் நோட்டீஸ் அனுப்பினார்கள். முதலீட்டாளர்கள் பதறினார்கள், சந்தை சரிந்தது. அந்த ஏப்ரலிலேயே, வருமான வரித் துறையின் தலைமை அமைப்பான மத்திய நேரடி வரிகள் வாரியம் 789ஆம் எண் சுற்றறிக்கையை வெளியிட்டது. இந்த நிறுவனம் வரிக்காக எங்கள் நாட்டில் குடியிருக்கிறது என்று மொரீஷியஸ் அரசு தரும் வரிக் குடியிருப்புச் சான்றிதழ் இருந்தால் போதும், அதற்கு மேல் தோண்டவேண்டாம் என்பதே அதன் சாரம்.

இதை எதிர்த்து ஆசாதி பச்சாவ் ஆந்தோலன் என்ற அமைப்பும், ஓய்வுபெற்ற வருமான வரி அதிகாரி ஒருவரும் பொதுநல வழக்கு போட்டார்கள். டெல்லி உயர் நீதிமன்றம் 2002இல் சுற்றறிக்கையை ரத்து செய்தது. 2003 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, சுற்றறிக்கை செல்லும் என்றது. மூன்றாம் நாட்டுக்காரர்கள் ஒப்பந்தச் சலுகையைப் பயன்படுத்த வருவதைச் சட்டம் தடுக்கவில்லை, வளரும் நாடுகள் முதலீட்டுக்காக இதைப் பொறுத்துக்கொள்வதும் உண்டு என்று தீர்ப்பில் காரணம் சொல்லப்பட்டது.

சட்டத்தின் எழுத்தைப் பார்த்தால் தீர்ப்பு சரி என்று வாதிடலாம். ஆனால் அதன் விளைவை என்னால் ஏற்க முடியவில்லை. சொந்தப் பணத்தைப் போட்டுத் தொழில் நடத்தியவர் பங்கை விற்கும்போது வரி கட்டினார். அதே நிறுவனத்தில் பக்கத்துப் பங்கை வைத்திருந்த வெளிநாட்டு நிதி கட்டவில்லை. இந்தியர்களின் பணமே வெளியே போய் மொரீஷியஸ், சிங்கப்பூர் வழியாக அந்நிய முதலீடு என்ற பெயரில் திரும்பி வருவதற்கும் இந்த வழி உதவியது. நிதி அமைச்சகம் 2012இல் வெளியிட்ட கறுப்புப் பண வெள்ளை அறிக்கையே இந்த ஐயத்தைப் பதிவு செய்திருக்கிறது.

இப்போதைய விதி

பல வருடப் பேச்சுவார்த்தைக்குப் பின் 2016 மே 10 அன்று ஒப்பந்தத் திருத்தம் கையெழுத்தானது. அதன்படி 2017 ஏப்ரல் 1 அன்றோ அதற்குப் பிறகோ வாங்கிய பங்கை மொரீஷியஸ் நிறுவனம் விற்றால் இந்தியா வரி போடலாம். 2019 மார்ச் வரை இடைக்காலச் சலுகையாக வழக்கமான இந்திய வரி விகிதத்தில் பாதிதான். அதுவும் விற்பதற்கு முந்தைய 12 மாதத்தில் மொரீஷியஸில் 15 லட்சம் மொரீஷியஸ் ரூபாயாவது நிர்வாகத்துக்குச் செலவழித்திருந்தால்தான். 2019 ஏப்ரலிலிருந்து முழு விகிதம். மொரீஷியஸ் திருத்தம் வந்த அதே 2016இல் சைப்ரஸ், சிங்கப்பூர் ஒப்பந்தங்களும் திருத்தப்பட்டன.

2017 ஏப்ரலுக்கு முன்னால் வாங்கிய பங்குகளுக்குப் பழைய சலுகை தொடரும் என்று அந்தத் திருத்தமே சொல்கிறது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். விற்பனை லாபத்தைப் பொறுத்தவரை திருத்தம் பங்குகளை மட்டுமே தொடுகிறது. கடன் பத்திரம், டெரிவேட்டிவ் (பங்கு போன்றவற்றின் விலையை வைத்துப் போடும் ஒப்பந்தம்) போன்றவற்றை விற்ற லாபம் பழையபடி எஞ்சியவற்றுக்கான பிரிவில் இருக்கிறது, அந்த உரிமை மொரீஷியஸிடமே. பங்கு அல்லாத வடிவில் முதலீடு செய்பவருக்கு வாசல் இன்னும் திறந்தே இருக்கிறது. அடுத்த பேச்சுவார்த்தையில் முதலில் எடுக்கவேண்டியது இதைத்தான் என்பது என் எண்ணம்.

இந்தப் போராட்டம் இந்தியாவோடு நிற்பதல்ல. லாபத்தை வரி குறைந்த நாடுகளுக்கு மாற்றுவதால் உலக அளவில் வருடத்துக்கு 10,000 கோடி முதல் 24,000 கோடி டாலர் வரை நிறுவன வரி இழப்பு என்று பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு 2015இல் மதிப்பிட்டது. தொடர்ந்து, ஒவ்வோர் ஒப்பந்தமாகத் திருத்திக்கொண்டிருக்காமல் ஒரே கையெழுத்தில் பலவற்றைத் திருத்தும் பலதரப்பு ஒப்பந்தம் உருவானது. இந்தியா 2017 ஜூனில் பாரிஸில் அதில் கையெழுத்திட்டது. ஆனால் மொரீஷியஸ், இந்தியாவுடனான தன் ஒப்பந்தத்தை அதன்கீழ் திருத்தவேண்டியவற்றின் பட்டியலில் சேர்க்கவில்லை. அதனால் தனியாக 2024 மார்ச் 7 அன்று இன்னொரு திருத்தம் கையெழுத்தானது. ஓர் ஏற்பாட்டின் முதன்மை நோக்கங்களில் ஒன்று வரிச் சலுகை பெறுவது என்று தெரிந்தால் சலுகையை மறுக்கலாம் என்ற விதியை அது ஒப்பந்தத்தில் சேர்க்கிறது. 2017க்கு முந்தைய பங்குகளுக்குத் தந்த பாதுகாப்பை இந்த விதி தொடாது என்று மத்திய நேரடி வரிகள் வாரியம் 2025 ஜனவரியில் தெளிவுபடுத்திவிட்டது.

சாதாரண ஆளுக்கு என்ன பயன்?

இந்த ஒப்பந்தங்கள் பெரிய நிறுவனங்களுக்கு மட்டுமானவை அல்ல. சிங்கப்பூரிலோ அமெரிக்காவிலோ வேலை பார்ப்பவர் ஊரில் என்ஆர்ஓ கணக்கில் (வெளிநாட்டில் வாழும் இந்தியர் இந்திய வருமானத்தை வைக்கும் வங்கிக் கணக்கு) வைப்புத்தொகை போட்டிருந்தால், வங்கி அதன் வட்டியில் 30 சதவீதமும் அதன் மேல் செஸ் என்ற கூடுதல் வரியும் பிடிக்கும். இரு நாட்டு ஒப்பந்தங்களிலும் இந்த வட்டிக்கான உச்ச வரம்பு 15 சதவீதம். அதைக் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை. வாழும் நாட்டின் வரித் துறையிடம் குடியிருப்புச் சான்றிதழ் வாங்கி, அதனுடன் இந்திய வருமான வரித் தளத்தில் உரிய சுய அறிவிப்புப் படிவத்தையும் நிரப்பி வங்கியில் கொடுக்கவேண்டும். 10எஃப் என்ற பெயரில் பலருக்கும் பழக்கமான படிவம் அது. சான்றிதழ் எந்தக் காலத்துக்கானது என்று பார்த்து, அது முடியும்போது புதிதாக வாங்கிக் கொடுங்கள். வங்கி ஏற்கெனவே 30 சதவீதம் பிடித்துவிட்டதா? அந்த நிதியாண்டுக்கான வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்து, கூடுதலாகப் பிடித்ததைத் திரும்பப் பெறலாம்.