ஆறு சட்டமன்றத் தொகுதி இருந்தும் எம்.பி. தொகுதியை இழந்த புதுக்கோட்டை

தமிழ்நாட்டில் ஒரு மக்களவைத் தொகுதிக்கு ஆறு சட்டமன்றத் தொகுதிகள். புதுக்கோட்டை மாவட்டத்தில் இருப்பதும் சரியாக ஆறு. இருந்தும் தொகுதி எல்லைகளை மாற்றி வரைந்த 2008 மறுவரையறையில் புதுக்கோட்டை மக்களவைத் தொகுதியே இல்லாமல் போனது. புதுக்கோட்டையும் கந்தர்வகோட்டையும் திருச்சியோடு சேர்ந்தன. விராலிமலை கரூருக்குப் போனது, திருமயமும் ஆலங்குடியும் சிவகங்கைக்கு, அறந்தாங்கி ராமநாதபுரத்துக்கு.

தொண்டைமான் சமஸ்தானமாக இருந்து 1948-ல் இந்தியாவோடு இணைந்த மண் இது. முதல் பொதுத்தேர்தலிலிருந்தே தனக்கென ஒரு மக்களவைத் தொகுதி இருந்தது. கம்யூனிஸ்ட் தலைவர் உமாநாத் 1962, 1967 என இருமுறை வென்ற இடம். கடைசி எம்.பி., 2004-ல் வென்ற எஸ். ரகுபதி. தொகுதி போன கோபத்தில் 2009 தேர்தலில் பலர், யாருக்கும் வாக்களிக்கவில்லை என்று பதிவுசெய்யும் 49-ஓ போட்டார்கள். நியாயமான கோபம்தான், ஆனால் அதற்குள் காலம் கடந்துவிட்டது.

தேர்தல் வழக்குகள் பார்க்கும் வழக்கறிஞராக நான் அடிக்கடி கேட்கும் கேள்வி, "கோர்ட்டில் ஸ்டே வாங்க முடியாதா சார்?" என்பது. மறுவரையறை ஆணையத்தின் இறுதி ஆணை அரசிதழில் வந்துவிட்டால் அதற்குச் சட்டத்தின் வலு வந்துவிடும். நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடியாது என்கிறது 2002 மறுவரையறைச் சட்டத்தின் 10-ஆவது பிரிவு. உஜ்ஜயினி வாக்காளர் ஒருவர் தொடுத்த வழக்கில் முந்தைய சட்டத்தில் இருந்த இதேபோன்ற பிரிவை உச்ச நீதிமன்றம் 1966-லேயே உறுதிசெய்தது. ஆணை அப்பட்டமாகத் தன்னிச்சையானதாக இருந்தால் பரிசீலிக்கலாம் என்று 2024-ல் சொல்லியிருக்கிறது. அதை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது.

ஆணையத்தில் இணை உறுப்பினர்களாக எம்.பி., எம்.எல்.ஏ.க்கள் இருப்பார்கள், ஆனால் அவர்களுக்கு வாக்குரிமை கிடையாது. ஆகவே "நம்ம எம்.எல்.ஏ. பார்த்துக்குவார்" என்று இருந்துவிடாதீர்கள். வரைவு வெளியாகும்போது ஆட்சேபணைக்கு ஒரு கடைசித் தேதி குறிக்கப்படும். நமக்கிருக்கும் வாய்ப்பு அந்த இடைவெளிதான்.

"எங்கள் ஊரின் பெருமை" என்று பக்கம் பக்கமாக எழுதிய மனுக்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சட்டம் பார்ப்பது நிலப்பரப்பின் அமைப்பு, நிர்வாக எல்லை, போக்குவரத்து, மக்கள் வசதி ஆகியவற்றை. எந்த வருவாய்க் கிராமம், எந்த வட்டம், பஸ் எந்தப் பக்கம் போகிறது, மக்கள்தொகை எவ்வளவு என்று எழுதுங்கள். வரைபடம் இணையுங்கள். ஒரு பகுதியை எடுக்கச் சொன்னால் அந்த இடத்தை எதைக் கொண்டு ஈடுகட்டுவது என்பதையும் நீங்களே காட்டுங்கள். பெரும்பாலான மனுக்கள் தடுக்கி விழுவது இங்கேதான்.

2026-க்குப் பிந்தைய முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வரைதான் தொகுதி எண்ணிக்கையை நிறுத்தி வைத்தது 84-ஆவது அரசியலமைப்புத் திருத்தம். அடுத்த வரைவு வந்ததும் கெடு முடியுமுன் மனுவைக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். பொது விசாரணைக்கு நேரில் போய்ப் பேசுங்கள்.