நுளம்பு இரு முறை கடிக்க வேண்டும்

யாழ்ப்பாணத்தில் ஐப்பசி, கார்த்திகை மழை தொடங்கிச் சில வாரங்கள் கழிந்த பின்னரே டெங்கு நோயாளரின் தொகை ஏறத் தொடங்குகின்றது. இந்த இடைவெளிக்கான காரணம் நோய் பரவும் முறையிலேயே இருக்கின்றது.

எவருக்கும் எதிர்ப்பாற்றல் இல்லாத ஊருக்குள் நோயாளி ஒருவர் வந்தால், அவரிடமிருந்து சராசரியாக எத்தனை பேருக்குத் தொற்றும் என்பதைத் தொற்றுநோயியலில் அடிப்படைப் பெருக்க எண் என்பர். சின்னமுத்துக்கு இது 12 முதல் 18 வரை எனக் கணிக்கப்படுகின்றது. நடைமுறையில் ஒரு நோயாளியால் ஒருவருக்கும் குறைவாகவே தொற்றுமாயின், எந்த நோயும் காலப்போக்கில் அடங்கிவிடும்.

டெங்குவின் எண் கிருமியை மட்டும் பொறுத்ததன்று. நோயாளியைக் கடித்த ஈடிஸ் நுளம்பின் உடலில் வைரசு பெருகி உமிழ்நீர்ச் சுரப்பியை அடைய ஏறத்தாழ 8 முதல் 12 நாள்கள் செல்லும். அதன்பின் கடிபட்டவருக்குக் காய்ச்சல் காண மேலும் 4 முதல் 10 நாள்கள் வேண்டும். இதற்கு முன்னரே முட்டைகள் பொரிக்க வேண்டும். சீமெந்துத் தொட்டியின் உட்சுவரில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, கரும்புள்ளிகளாக ஒட்டியிருக்கும் அம்முட்டைகள் மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் மழைநீர் ஏறி நனைத்தவுடன் பொரிக்கக்கூடியவை. ஆகையால் தொட்டியின் நீரை ஊற்றிவிடுவது போதாது. சுவரை உரஞ்சிக் கழுவவும் வேண்டும்.

நோய் தொடர வேண்டுமெனில், ஒரே நுளம்பு நோயாளியை ஒரு முறையும் வேறொருவரைப் பின்னொரு முறையும் கடித்தாக வேண்டும். எனவே நுளம்பு மனிதரைக் கடிக்கும் வீதம் பாதியானால், பரவல் பாதியாக அன்றி காற்பங்காகக் குறைகின்றது. ஈடிஸ் பகலில் கடிப்பதால், காய்ச்சல்காரர் பகலிலும் வலைக்குள் படுப்பது அண்டை வீட்டாருக்கும் பாதுகாப்பாகும்.

நுளம்பின் ஆயுள் இன்னும் முக்கியமானது. நாளொன்றுக்கு 100 நுளம்புகளில் 90 தப்பிப் பிழைக்குமெனின், 10 நாள்களின் பின் ஏறத்தாழ 35 எஞ்சியிருக்கும். 80 மட்டுமே பிழைக்குமெனின் எஞ்சுவது ஏறத்தாழ 11. எஞ்சியவற்றின் மீதி ஆயுளும் பாதியாகின்றது. இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால், நாளாந்தப் பிழைப்பில் ஏற்படும் அச்சிறு வேறுபாடு பரவலை ஏறத்தாழ 7 மடங்கு குறைத்துவிடுகின்றது.

நுளம்பை முற்றாக ஒழிக்க வேண்டியதில்லை, ஓர் எல்லைக்குக் கீழே கொண்டுவந்தாலே போதும் என்பதை மலேரியாவை ஆராய்ந்த ரொனால்ட் ரொஸ் 1911 அளவிலேயே கணிதத்தால் காட்டினார். இலங்கை அதற்கு நல்ல சான்று. மலேரியாவைப் பரப்பும் அனோபிலிசு நுளம்புகள் இங்கு இன்னமும் வாழ்கின்றன. ஆயினும் 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாட்டை மலேரியா அற்றதாக அறிவித்தது.

டெங்குவில் அந்த எல்லையை எட்டுவது கடினம். தொற்றியோரில் பெரும்பாலானோருக்கு அறிகுறியே தோன்றுவதில்லை. ஆனால் அவர்களிடமிருந்தும் நுளம்புக்கு வைரசு செல்லும். வைரசு நான்கு வகைப்படுவதால், ஒன்றுக்கு எதிராக உண்டாகும் ஆற்றல் ஏனையவற்றை நெடுங்காலம் தடுப்பதில்லை. 2017இல் 2ஆம் வகை மேலோங்கியபோது நாடெங்கும் 186,000க்கு மேற்பட்டோர் நோயாளராகப் பதிவாகினர்.

மலேரியாவிலும் கவனம் தளர இடமில்லை. மன்னாரிலும் பின்னர் யாழ்ப்பாணத்திலும் கண்டறியப்பட்ட அனோபிலிசு ஸ்டீபன்சி நுளம்பு கிணற்று நீரில் பெருகக்கூடியது. வெளிநாட்டிலிருந்து காய்ச்சலுடன் திரும்புவோரின் குருதியைத் தாமதமின்றிப் பரிசோதிப்பதும், கிணறுகளில் குடம்பி உண்ணும் மீன்களை விடுவதும் ஒரு நோயாளியிடமிருந்து தொற்றுவோரின் எண் மீண்டும் ஒன்றைத் தாண்டாதிருப்பதற்காகவே.