துண்டுத் துணிக்கும் திசை உண்டு

தையல் பழக வருகிறவர்களிடம் முதல் நாள் நான் ஊசியைக் கொடுப்பதில்லை. உள்ளங்கை அளவுப் பருத்தித் துணி ஒன்றைக் கொடுத்து, "நாலு பக்கமும் இழுத்துப் பாருங்க" என்பேன். கரை, அதாவது தறியிலேயே பிரியாமல் நெய்து முடித்த ஓரம், ஓடும் திசையில் இழுத்தால் துணி அசைந்து கொடுக்காது. அதற்குக் குறுக்கே இழுத்தால் லேசாக நெகிழும். மூலைக்கு மூலை பிடித்து இழுத்தால் ரப்பர் மாதிரி நீண்டு, நடுவில் ஒடுங்கும். அதே துணிதான், அதே கைதான். இது எதனால் என்று புரிந்துவிட்டால், துண்டுத் துணிகளைச் சேர்த்துப் போர்வை தைப்பதில் பாதி வேலை முடிந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நெய்த துணியில் நீளவாக்கில் ஓடுவது பாவு, குறுக்கே ஓடுவது ஊடை. தறியில் பாவு நூல் விறைப்பாகக் கட்டப்பட்டிருக்கும். ஊடை நூல் அதற்கு மேலும் கீழுமாக வளைந்து வளைந்து போகும். அந்த வளைவு நிமிர்கிற அளவுக்குத்தான் குறுக்கு இழுப்பில் துணி நெகிழ்கிறது. மூலைக்கு மூலை இழுக்கும்போது நடப்பது வேறு. நான்கு குச்சிகளைச் சதுரமாக வைத்து முனைகளில் ஒவ்வோர் ஆணி அடித்து, எதிரெதிர் மூலைகளைப் பிடித்து இழுத்தால் சதுரம் சாய்ந்து வைர வடிவமாகும். எந்தக் குச்சியும் நீளவில்லை, மூலைகளின் கோணம்தான் மாறியது. துணியில் பாவும் ஊடையும் வெட்டிக்கொள்ளும் ஒவ்வொரு கட்டமும் அப்படிப்பட்ட ஒரு சதுரம். ஆயிரக்கணக்கான சதுரங்கள் ஒன்றாகச் சாய்வதைத்தான் நாம் "துணி நீளுது" என்கிறோம்.

இந்த மூலைக்கு மூலைத் திசையைத் தையல்காரர்கள் 'கிராஸ்' என்பார்கள். ரவிக்கைக் கழுத்துக்கு வைக்கிற பட்டியைக் கிராஸாக வெட்டுவது இதற்காகத்தான். நேர்வாக்கில் வெட்டிய பட்டி வளைவில் சுருக்கம் விழுந்து முரண்டு பிடிக்கும். கிராஸ் பட்டி கழுத்தோடு வழிந்து உட்காரும். பாரிஸில் 1920களில் மேடலின் வியோனே கிராஸ் வெட்டிலேயே முழு உடைகளைத் தைத்துப் பெயர் வாங்கினார். உடலில் துணி நீர் மாதிரி இறங்கியதற்குக் காரணம் இந்தச் சாயும் சதுரங்கள்தான்.

உடையில் வரமாக இருப்பது போர்வையில் வம்பாகிவிடும். தையல் கடையில் மிஞ்சும் பிட்டுத் துணிகளில் பெரும்பாலும் கரையே இருக்காது. எந்தப் பக்கம் நேர், எந்தப் பக்கம் கிராஸ் என்று பார்த்த கணத்தில் தெரியாது. ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவிப் பாருங்கள், அது போகிற வழிதான் நேர் இழை. இல்லையென்றால் ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டு வைத்துக் கிழியுங்கள். கிழிசல் ஒவ்வொரு நூலாக அறுத்துக்கொண்டு அதே இழைவழியே நேராகப் போகும். கத்தரியைவிடக் கிழிசல் நேர்மையானது.

பனியன் துணியை முதல் போர்வைக்கு எடுக்க வேண்டாம். திருப்பூரிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் பனியன் வேஸ்ட்டைப் பட்டறைகளில் எண்ணெய் துடைக்கப் பார்த்திருப்பீர்கள். அதில் பாவும் கிடையாது, ஊடையும் கிடையாது. வளையத்துக்குள் வளையமாகக் கோத்த பின்னல் அது. எல்லாப் பக்கமும் நீளும், வெட்டிய ஓரம் சுருண்டுகொள்ளும். புதிதாகப் பழகுகிறவரை அது அழவைத்துவிடும்.

சரி, துண்டுகளைச் சேர்ப்போம். 4 அங்குலச் சதுரங்கள் 12, ஓரத்தில் கால் அங்குலம் விட்டு வரிசையாகத் தைத்தால், தைத்த பிறகு ஒவ்வொன்றும் மூன்றரை அங்குலம், இரண்டு முனையிலும் இன்னும் தைக்காமல் நிற்கும் கால் கால் அங்குலத்தையும் சேர்த்து மொத்தம் நாற்பத்திரண்டரை அங்குலம். என்னிடம் பழகிய இரண்டு பெண்கள் இப்படி ஆளுக்கொரு வரிசை தைத்தார்கள். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று ஏறக்குறைய ஓர் அங்குலம் குட்டை. இருவரும் சரியாகத்தான் வெட்டியிருந்தார்கள். குட்டை வரிசைக்காரர் கால் அங்குலத்துக்கு ஒரு மில்லிமீட்டர் உள்ளே தள்ளித் தைத்திருக்கிறார், அவ்வளவுதான். ஒரு தையலில் இரண்டு துண்டுகளும் ஒவ்வொரு மில்லிமீட்டர் இழக்கின்றன. 11 தையலுக்கு 22 மில்லிமீட்டர். தனியாகப் பார்த்தால் கண்ணுக்கே தெரியாத பிழை, வரிசையில் சேர்ந்துகொண்டே போகிறது. தைத்த துண்டுகளை விரித்து மடிக்கும் இடத்தில் மடிப்பின் தடிமனும் ஓரிரு நூல் அகலத்தைத் தின்றுவிடும். அதனால்தான் அனுபவசாலிகள் கால் அங்குலத்துக்கு ஒரு நூல் குறைவாகவே தைப்பார்கள்.

முக்கோணங்கள் வந்தால் கிராஸ் மறுபடி தலைகாட்டும். சதுரத்தை மூலைக்கு மூலை வெட்டியதுமே நீண்ட பக்கம் முழுக்கக் கிராஸ். கை பட்டாலே அலையலையாக நெளியும். இதற்கு ஓர் அருமையான வழி இருக்கிறது: வெட்டுவதற்கு முன்பே தைத்துவிடுவது. இரண்டு சதுரங்களை ஒன்றின் மேல் ஒன்று வைத்து, மூலைக்கு மூலை பென்சில் கோடு போட்டு, கோட்டுக்கு இரண்டு பக்கமும் கால் அங்குலம் தள்ளித் தைத்துவிட்டு, அப்புறம் கோட்டில் வெட்ட வேண்டும். கிராஸ் ஓரம் வெளியே வரும்போதே தையல் அதைப் பிடித்துவைத்திருக்கும். விரித்தால் இரண்டு நிறச் சதுரங்கள் இரண்டு கிடைக்கும். இன்னொரு வழி நம் வீட்டிலேயே இருக்கிறது, கஞ்சி. சோற்றுக் கஞ்சியில் முக்கி, காயவைத்துத் தேய்த்த துணியில் பாவும் ஊடையும் சந்திக்கும் இடங்களில் மாவுச்சத்து பசை மாதிரி ஒட்டிக்கொள்கிறது. சந்திப்புகள் ஒட்டிவிட்டால் சதுரங்கள் சாய முடியாது. கஞ்சி போட்ட பருத்திப் புடவை விறைப்பாக நிற்பதும் இதனால்தான். தேய்க்கும்போது இஸ்திரிப் பெட்டியை இழுக்காமல், தூக்கித் தூக்கி வைத்து அழுத்துங்கள். இழுத்தால் நீங்களே துணியைச் சாய்த்துவிடுவீர்கள்.

இனி மெஷின். பழக வருகிறவர்கள் எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு, எனக்கு மிகவும் பிடித்த கேள்வி அது. ஊசி முழுதாகத் துணியின் மறுபக்கம் போய்விடுவதில்லை, குத்திவிட்டு அதே ஓட்டை வழியாகத் திரும்பிவிடுகிறது. நூலின் மறுமுனையோ மேலே நூல்கண்டில் இருக்கிறது. பிறகு எப்படி இரண்டு நூலும் பின்னிக்கொள்கின்றன?

பதில்: மேல் நூலின் வளையம், கீழ் நூல் சுற்றிய சின்ன உருளையான பாபினையே முழுதாகச் சுற்றி வருகிறது. மெஷின் ஊசிக்குக் காது கூர்முனைக்குப் பக்கத்தில் இருக்கும். ஒரு பக்கம் நீளப் பள்ளம் ஓடும். ஊசி அடிவரை இறங்கி, இரண்டு மில்லிமீட்டர் போல மேலே ஏறுகிறது. பள்ளத்துப் பக்கம் இருக்கும் நூல் உள்ளே பதுங்கி ஊசியோடு ஏறிவிடும். மறுபக்க நூல் துணியில் உரசித் தடைபட்டு, ஏற முடியாமல் சின்ன வளையமாகப் புடைக்கும். அந்த நேரம் பார்த்து, மெஷினின் அடியில் இருக்கும் கொக்கியின் மூக்கு அதற்குள் நுழைகிறது, வளையத்தை அகட்டி, பாபின் உட்கார்ந்திருக்கும் கூடான பாபின் கேஸின் மேலாகத் தாண்டவிடுகிறது. உடனே மெஷினின் முன்னால் மேலும் கீழும் ஆடும் கை மிச்ச நூலைச் சுண்டி இழுக்க, இரண்டு நூல்களும் துணியின் தடிமனுக்குள்ளேயே கொக்கி போட்டுக்கொள்கின்றன. இதுதான் பூட்டுத் தையல். ஊசியை மாற்றித் திருப்பிப் போட்டால் வளையம் தவறான பக்கம் புடைக்கும், கொக்கிக்குச் சிக்காது, தையல் விட்டுவிட்டு விழும்.

நியூயார்க்கில் வால்டர் ஹன்ட் 1830களிலேயே இதைச் செய்து பார்த்தார், ஆனால் காப்புரிமை எடுக்கவில்லை. எலியஸ் ஹோவ் 1846இல் எடுத்தார். ஹோவ் இளமையில் நெசவு எந்திரங்கள் செய்யும் பட்டறையில் வேலை பார்த்தவர். அவருடைய மெஷினில் கீழ் நூலைச் சுமந்து வளையத்துக்குள் பாய்ந்தது, தறியில் ஊடை நூலைச் சுமந்து ஓடுவதைப் போன்ற ஒரு சின்ன நாடா (ஷட்டில்). நெசவில் பாவின் ஊடே ஊடை பாய்வதும், தையலில் மேல் நூலின் ஊடே கீழ் நூல் பாய்வதும் ஒரே யோசனை என்று தெரிந்த நாளில் எனக்கு மெய் சிலிர்த்தது.

பூட்டின் அருமை தெரிய அரிசி மூட்டையின் வாயைப் பாருங்கள். அது சங்கிலித் தையல். சரியான முனையைப் பிடித்து இழுத்தால் சரசரவென்று முழுதும் பிரிந்துவிடும். மூட்டைக்கு அது வசதி, போர்வைக்கு ஆகாது. பூட்டுத் தையலில் ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் மற்ற பூட்டுகள் சட்டென்று விட்டுவிடாது.

துணிக்கு அடியில் நூல் கொத்துக் கொத்தாகச் சிக்கினால் புதியவர்கள் பாபினைத்தான் திட்டுவார்கள். பெரும்பாலும் குற்றம் மேலே. மேல் நூல், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே உட்காராமல் நழுவியிருக்கும். பிடிமானம் இல்லாத நூல் கீழே குவிகிறது. துணியை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் ஃபுட்டைத் தூக்கிவைத்துக்கொண்டு நூலைக் கோத்துவிடுங்கள், தட்டுகள் அப்போதுதான் திறந்திருக்கும்.

இன்னொரு வித்தையும் அங்கேயே இருக்கிறது. துணியை நகர்த்தும் பல் கீழே இருப்பதால், அடித்துணியை மட்டும்தான் அது பிடித்துத் தள்ளுகிறது. மேல்துணி பிரஷர் ஃபுட்டில் உரசிப் பின்தங்கும். இரண்டு சம நீளத் துணிகளைத் தைத்து முடிக்கும்போது மேல்துணி கொஞ்சம் மிஞ்சி நிற்பது இதனால்தான். இந்தக் குறையையே வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். அந்த 22 மில்லிமீட்டர் குட்டையான வரிசையைப் பிரிக்க எனக்கு மனம் வரவில்லை. நீளமான வரிசையை அடியில் வைத்து, ஒவ்வொரு சதுரத்தின் தையல் கோட்டையும் பொருத்தி ஊசி குத்திவிட்டுத் தைக்கச் சொன்னேன். ஒரு சதுரத்துக்கு இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவான மிச்சம். பல் அதை உள்வாங்கிக்கொண்டு போய்விட்டது. கோடுகள் பொருந்தின, அடியில் மட்டும் மெல்லிய சுருக்கம்.

மேல்துணி தயாரானதும் நடுவில் பஞ்சு விரிப்பு, அடியில் ஒரு துணி. மூன்றையும் சேர்த்துக் குறுக்கும் நெடுக்கும் தைத்தால் அது போர்வை. கதகதப்பைத் தருவது பஞ்சு என்று நினைக்கிறோம். உண்மையில் பஞ்சு செய்வது காற்றை நகரவிடாமல் பிடித்துவைப்பது. அசையாத காற்று வெப்பத்தை மிக மெதுவாகக் கடத்தும். தண்ணீர் அதைவிட ஏறக்குறைய 24 மடங்கு கடத்தும். ஈரப் போர்வை குளிர்வதற்கு இதுவும் ஒரு காரணம். தையல் கோடு விழுந்த இடத்தில் பஞ்சு நசுங்கிக் காற்று வெளியேறிவிடும், வெப்பம் அங்கே எளிதாகக் கசியும். அதற்காகக் கோடுகளைக் குறைத்தால் பஞ்சு துவைக்கத் துவைக்க ஒரு மூலையில் போய்க் குவியும். நெருக்கிப் போட்டால் போர்வை அட்டையாகிவிடும். நான் நாலு விரல்கடை இடைவெளி விடுவேன்.

இந்த அளவெல்லாம் இல்லாமலும் அழகாகத் தைக்கிறவர்கள் இருக்கிறார்கள். கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில், எல்லாப்பூர் பக்கம் வாழும் சித்தி மக்கள், ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள். அவர்கள் தைக்கும் போர்வைக்குக் கவந்தி என்று பெயர். பழைய புடவையை அடியில் விரித்து, ஓரத்திலிருந்து தொடங்கி, கிடைத்த துண்டை வைத்து ஓரத்தை உள்ளே மடித்துக் கையால் ஓட்டுத் தையல் போட்டுக்கொண்டே சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். மூலைகளில் மடித்த துணியால் பூ வைப்பார்கள். துண்டு நேராக இருந்தாலென்ன, கிராஸாக இருந்தாலென்ன? நெருக்கமான தையல் அதை அடித்துணியோடு பிணைத்துவிடுகிறது, இழுவையைத் தாங்குவது அடித்துணியின் பாவும் ஊடையும். அங்குலக் கணக்கு பயமுறுத்துகிறது என்பவர்களுக்கு நான் இந்த வழியைத்தான் முதலில் சொல்லிக்கொடுக்கிறேன்.

கடைசியாகத் துவைப்பு. நனைந்த பருத்தி நூல் பருக்கும். பருத்த நூலைச் சுற்றி வளைந்து போக இன்னும் நீளம் தேவைப்படும், துணி சுருங்கும். தறியில் பட்ட இழுவையும் தண்ணீரில் தளரும். அதனால் புதிய துண்டுகளை வெட்டுமுன் நனைத்து உலர்த்திவிட வேண்டும், இல்லாவிட்டால் பழைய துண்டுக்குப் பக்கத்தில் புதியது மட்டும் சுருங்கி இழுக்கும். அந்த இரண்டு பெண்களின் போர்வையில் துணிகளை நனைத்திருந்தோம், நடுவில் வைத்த பருத்தி விரிப்பை நனைக்கவில்லை. முதல் துவைப்பில் விரிப்பு சுருங்க, தையல் கோடுகளுக்கு நடுவே மேல்துணி எங்கும் மெல்ல மெல்லப் புடைத்து எழுந்தது. நிழலில், இரண்டு கொடியில் பாரம் பகிர்ந்து காயப்போட்டு எடுத்துவந்து மூவரும் தேடினோம். குட்டையாய் இருந்த வரிசை எது என்று எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை.