சூளையை விட்டு ஓடி வந்தவருக்குச் சட்டம் என்ன தருகிறது?

செங்கல் சூளையிலோ, அரிசி ஆலையிலோ, மரம் வெட்டும் தோப்பிலோ அட்வான்ஸுக்காக அடைபட்டுக் கிடக்கும் குடும்பம் இரவோடு இரவாகக் கிளம்பிவிடுவது லேசான காரியம் இல்லை. பிடிபட்டால் அடி விழும். ஒருவர் மட்டும் தப்பினால் உள்ளே இருக்கும் மனைவி மக்கள் பிணையாகிவிடுவார்கள். ஊர் போய்ச் சேர்ந்தாலும் மேஸ்திரி வண்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்கே வந்துவிடுவார். “பணத்தை வாங்கிக்கொண்டு ஏமாற்றிவிட்டான்” என்று காவல் நிலையத்தில் புகாரும் போகும். இதற்கெல்லாம் பயந்து, கடன்பட்டது நாம்தானே என்று நினைத்துத் திரும்பிப் போனவர்கள் ஏராளம்.

அவர்கள் திரும்பிப் போயிருக்க வேண்டியதே இல்லை. அந்தக் கடனைச் சட்டம் எப்போதோ அழித்துவிட்டது.

கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் 1976 பிப்ரவரி 9 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. ஆனால் அது நடைமுறைக்கு வந்ததாகக் கணக்கிடப்படும் நாள் 1975 அக்டோபர் 25. அன்றிலிருந்து கொத்தடிமையாக இருந்த ஒவ்வொருவரும் விடுதலை பெற்றவர் என்கிறது பிரிவு 4. பிரிவு 6 இன்னும் ஒரு படி மேலே போகிறது: கொத்தடிமைக் கடனைத் திருப்பிக் கட்டும் பொறுப்பு அடியோடு நீங்கிவிடுகிறது, அதை வசூலிக்க எந்த உரிமையியல் நீதிமன்றத்திலும் வழக்குப் போட முடியாது. அழிந்துபோன அந்தக் கடனுக்காக முதலாளி ஒரு ரூபாய் வாங்கினாலும் பிரிவு 9-இன்படி அவருக்கு 3 ஆண்டு வரை சிறை உண்டு. “அட்வான்ஸ் கழியவில்லை” என்று ஊருக்குத் தேடி வரும் மேஸ்திரியிடம் சொல்ல வேண்டிய பதில் இதுதான். தனியாக நின்று சொல்ல வேண்டாம். நாலு பேரைக் கூட வைத்துக்கொண்டு சொல்லுங்கள்.

யார் கொத்தடிமை?

சங்கிலி போட்டிருக்க வேண்டியதில்லை. முன்பணம் வாங்கியிருக்கிறார்; அதற்காகக் கூலியே இல்லாமலோ, குறைந்தபட்சக் கூலிக்கும் கீழான கூலிக்கோ உழைக்கிறார்; அல்லது வேறு வேலைக்குப் போகும் சுதந்திரமோ, விரும்பிய இடத்துக்குப் போய்வரும் சுதந்திரமோ அவருக்கு இல்லை. இப்படி இருந்தால் சட்டத்தின் கண்ணில் அவர் கொத்தடிமை. முன்பணத்தை அவர் வாங்காமல் அவருடைய அப்பா வாங்கியிருந்தாலும் அதே நிலைதான். சாதி வழக்கம் என்ற பெயரில் உழைப்பைப் பிடுங்குவதும் இதற்குள் அடங்கும்.

விசாரணைக்கு வரும் அதிகாரிகளில் சிலர் “கடன் வாங்கினாய், வேலை செய்தாய், இதில் என்ன அடிமைத்தனம்?” என்று கேட்பதுண்டு. அந்தக் கேள்வியே தவறான இடத்திலிருந்து தொடங்குகிறது. தொழிலாளி தன்னைக் கொத்தடிமை என்று கூறினால், அது உண்மை இல்லை என்று காட்ட வேண்டியவர் கடன் கொடுத்தவர்தான். பிரிவு 15 அப்படித்தான் சொல்கிறது. கொத்தடிமைகளின் விடுதலைக்காகப் பாடுபடும் பந்துவா முக்தி மோர்ச்சா என்ற அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது: ஒருவர் கட்டாய உழைப்பில் வைக்கப்பட்டிருப்பது தெரிந்தால், முன்பணம் வாங்கிக் கட்டுண்டவர் அவர் என்றே அனுமானிக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் ரசீது கேட்பது அநியாயம் என்பதை நீதிபதிகள் புரிந்துகொண்டிருக்கிறார்கள். எல்லா அலுவலகங்களும் இன்னும் புரிந்துகொள்ளவில்லை.

ஆகவே வாக்குமூலம் கொடுக்கும்போது அன்றாட விஷயங்களைத் தெளிவாகச் சொல்வது முக்கியம். முன்பணம் எவ்வளவு, கொடுத்தது யார், ஆயிரம் கல் அறுத்தால் எவ்வளவு கூலி, அதில் எவ்வளவு பிடித்தார்கள், சந்தைக்குப் போகும்போது குடும்பத்தில் ஒருவரை உள்ளே நிறுத்திவைத்தார்களா, சொந்தக்காரர் சாவுக்குப் போகவிட்டார்களா, பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்களா, போனைப் பிடுங்கினார்களா, யார் அடித்தது. கணக்கு நோட்டு கைவசம் இருந்தால் அதைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டாலும் வாக்குமூலம் செல்லும். முதலாளியையோ மேஸ்திரியையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு விசாரித்தால், தனியாகப் பேச வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள்.

தப்பிக்கும் முன்பும் தப்பித்த பின்பும்

முடிந்தவரை ஓடுவதற்கு முன்பே வெளியே தகவல் சொல்லிவிடுவது நல்லது. ஒருவர் தப்பி, மற்றவர்கள் உள்ளே மாட்டிக்கொள்ளும் ஆபத்து அப்போது குறைகிறது. மாவட்ட ஆட்சியர், வருவாய்க் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர், காவல் நிலையம், இவர்களில் யாரிடமும் சொல்லலாம். தொழிலாளியே சொல்ல வேண்டும் என்பதில்லை. உறவினர் சொன்னாலும் போதும். இடத்தின் பெயர் தெரியாவிட்டால் பக்கத்து ஊர், பஸ் நிற்கும் இடம், கோயில் என அடையாளம் சொல்லுங்கள். உள்ளே எத்தனை பேர், எத்தனை குழந்தைகள் என்பதையும் சொல்லுங்கள். அவசரத்துக்கு 112, குழந்தைகள் இருந்தால் 1098, இலவச சட்ட உதவிக்கு 15100.

ஏற்கெனவே ஓடி வந்துவிட்டவர்கள் இனி ஒன்றும் கிடைக்காது என்று நினைத்துவிடக் கூடாது. அதிகாரிகள் வந்து மீட்டால்தான் விடுதலை என்று சட்டத்தில் எங்கும் எழுதப்படவில்லை. உயிரைப் பணயம் வைத்துத் தானே வெளியேறியவரும் மனுக் கொடுத்து விசாரணை கோரலாம்.

அந்த விசாரணையின் முடிவில் கைக்கு வர வேண்டியது விடுதலைச் சான்று. இதை ஒரு காகிதம்தானே என்று விட்டுவிடாதீர்கள். இது கையில் இல்லாமல் ஊர் திரும்பியவரிடம் மேஸ்திரி தைரியமாகக் கடன் கேட்பார். மறுவாழ்வுப் பணமும் கிடைக்காது. வேலை செய்த ஒவ்வொருவருக்கும் தனித்தனிச் சான்று வேண்டும். சூளைகளில் கணவன், மனைவி இருவரும் சேர்ந்து கல் அறுத்தாலும் கணக்கைக் கணவன் பெயரில் எழுதுவதுதான் வழக்கம். அதைப் பார்த்து அவருக்கு மட்டும் சான்று கொடுத்துவிட்டால் மனைவி விடுபட்டுவிடுவார். உதவித்தொகையோ பெண்களுக்குத்தான் கூடுதல். அங்கேயே, அப்போதே கேட்டு வாங்குங்கள்.

எவ்வளவு பணம்?

மத்திய அரசின் கொத்தடிமைத் தொழிலாளர் மறுவாழ்வுத் திட்டம் 2016-இல் புதுப்பிக்கப்பட்டது. விடுவிக்கப்பட்டவுடன் தரப்படும் உடனடி உதவி அப்போது 20,000 ரூபாய். பின்னர் 30,000 ரூபாய் வரை உயர்த்தப்பட்டது. வழக்கு எந்த நிலையில் இருந்தாலும் இந்தத் தொகை கிடைக்க வேண்டும். முழு மறுவாழ்வுத் தொகை ஆண்களுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம். பாலியல் சுரண்டலுக்காகக் கடத்தப்பட்டவர்கள், திருநர், மாற்றுத்திறனாளிகள் போன்றோருக்கு 3 லட்சம். 2 லட்சம், 3 லட்சம் பெறுவோருக்கு ஒரு பகுதி வைப்புத்தொகையாகப் போடப்படும், மீதி வங்கிக் கணக்குக்கு வரும்.

திட்டத்தின் பெரிய ஓட்டையும் இங்கேதான் இருக்கிறது. முழுத் தொகை, முதலாளி மீதான வழக்கின் முடிவோடு கட்டப்பட்டிருக்கிறது. வழக்கு நடத்துவது அரசின் வேலை. அது தாமதமானால் பட்டினி கிடப்பதோ தொழிலாளி. ஆறு மாதம் கையில் காசில்லாமல் இருந்த குடும்பம் அடுத்த சீசனில் இன்னொரு சூளையில் அட்வான்ஸ் வாங்குவதை எப்படிக் குறை சொல்வது? மறுவாழ்வு தராத விடுதலை அர்த்தமற்றது என்று நீரஜா சவுத்ரி வழக்கில் 1984-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

1976 சட்டத்தின்படி இந்தக் குற்றத்துக்கு 3 ஆண்டு வரை சிறையும் 2,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஆனால் எளிதாக ஜாமீன் கிடைத்துவிடும். அதனால் முதல் தகவல் அறிக்கையில் வேறு பிரிவுகளும் சேர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். இருளர் போன்ற பழங்குடியினரையோ பட்டியல் சாதியினரையோ கொத்தடிமையாக வைப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திலும் குற்றம். அதன்கீழ் வரும் நிவாரணத்தையும் தனியாகக் கேட்கலாம். ஆள் கடத்தல் நடந்திருந்தால் அந்தப் பிரிவும் சேர வேண்டும்.

பணம் தவிர, வீட்டுமனை, வீடு, குடும்ப அட்டை, சாதிச் சான்று, கால்நடை, பிள்ளைகளுக்குப் படிப்பு ஆகியவையும் மறுவாழ்வில் அடக்கம். திருவள்ளூர் மாவட்டத்தில் மீட்கப்பட்ட தொழிலாளர்கள் மாவட்ட நிர்வாகத்தின் துணையோடு ‘சிறகு’ என்ற பெயரில் தாங்களே செங்கல் சூளை நடத்தத் தொடங்கினார்கள். தெரிந்த தொழில்தான், ஆனால் இப்போது கணக்கு நோட்டு அவர்கள் கையில். மற்ற மாவட்டங்களும் இதைப் பின்பற்ற வேண்டும்.

வேலை செய்த இடத்திலேயே வீடு கொடுத்திருந்தார்கள் என்றால், விடுதலைக்குப் பின் அங்கிருந்து உங்களை வெளியேற்றவும் முடியாது. பிரிவு 8 அதைத் தடுக்கிறது. வெளி மாநிலத்தில் மீட்கப்பட்டவர்கள் அந்த மாவட்டத்திலேயே சான்றையும் உடனடி உதவியையும் வாங்கிக்கொண்டுதான் ரயில் ஏற வேண்டும். ஊர் வந்ததும் சான்றின் நகலோடு சொந்த மாவட்ட ஆட்சியரிடம் மனுக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டை மறக்காமல் கேட்டு வாங்குங்கள்.